ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

ஜோகுபாளையத்தில் ஒரு பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால், எதற்குக் கேட்கிறீர்கள் என்று முதலில் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வயது, ஆதாரில் ஒரு வயது, பாட்டி வாயில் ஒரு வயது. ரேஷன் கார்டில் நாலாவதாக ஒன்று இருந்தாலும் இருக்கும். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் இதைச் செய்வதில்லை. அந்தந்தக் கவுண்டரில் அன்றைக்கு எது செல்லுபடியானதோ அதைச் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். பத்து வருடம் கழித்து எது நிஜம் என்று அவர்களுக்கே குழம்பிப்போயிருக்கும். அந்தக் குழப்பத்துக்குள் புகுந்து, பிள்ளை எப்போது பிறந்தது என்று கண்டுபிடித்து, அதைச் சொல்லும் தாளோடு குழந்தைகள் நலக் குழுவின் முன்னாலோ இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னாலோ போய் நிற்பது என் வேலை. அடையாள அட்டையில் சட்டத் தன்னார்வலர் என்று போட்டிருக்கிறது. தெருவில் எனக்குப் பெயர் ‘பர்த் சர்டிபிகேட் அக்கா’.

பெங்களூரு தெரியாதவர்களுக்கு: ஜோகுபாளையம் அல்சூரை ஒட்டி, கேம்பிரிட்ஜ் சாலைப் பக்கம் இருக்கிற பேட்டை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெருக்கியடித்து வாழும் வட்டாரம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ. சொந்த ஊர் என்று கேட்டால் திருவண்ணாமலை, திருப்பத்தூர், குடியாத்தம், தருமபுரி என்பார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் விடவில்லை. அதனால் பிள்ளை பிறப்பது ஒரு மாநிலத்தில், வளர்வது வேறொரு மாநிலத்தில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் சேயும் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். பிறப்பைப் பதிந்த தாள் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் அதில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பேர் வைக்கிற சடங்குக்கு முன்பே பதிந்த பிறப்பு அல்லவா.

வயது என்ற ஒன்றை ஏன் இவ்வளவு தூரம் தேட வேண்டும்? குழந்தைக்கு அரசு தரும் பாதுகாப்பு எல்லாமே ஒரு எண்ணின் மேல் நிற்கிறது. 6 முதல் 14 வரை கட்டாய இலவசக் கல்வி. 14-க்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது. 18-க்குக் கீழே என்றால் பாலியல் குற்றங்களுக்குப் போக்சோ சட்டம். பெண்ணுக்கு 18 ஆகாமல் நடந்த கல்யாணம் மற்ற பல மாநிலங்களில் கேட்டால்தான் ரத்தாகும். கர்நாடகத்தில் தொடக்கத்திலிருந்தே செல்லாது. குழந்தைத் திருமணம் பற்றி நீதிபதி சிவராஜ் பாட்டீல் குழு 2011-ல் அறிக்கை கொடுத்த பிறகு மாநிலம் செய்துகொண்ட திருத்தம் அது. குற்றத்தில் சிக்கிய பையனுக்கும் 18 தான் கோடு. 1986-ம் வருடத்துச் சட்டத்தில் பையன்களுக்கு அது 16 ஆக இருந்தது. 2000-ல்தான் பெண்ணுக்கும் பையனுக்கும் ஒன்றாக 18 ஆனது. கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் குழுமம், இந்தப்பக்கம் என்றால் ஜெயில். இவ்வளவு கனத்தை ஒரு எண்ணின் மேல் ஏற்றிவைத்த அரசு, அந்த எண்ணை எழுதிவைக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று சேர்ந்தது. அதன் ஏழாவது பிரிவு, பிறந்த உடனே பிள்ளையைப் பதிவு செய், பெயர் கொடு என்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அதற்கும் முந்தியது, 1969. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019–21-ல் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 89 சதவீதம் பேரின் பிறப்பு பதிவாகியிருந்தது. முந்தைய சுற்றில் 80. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. என்னிடம் வருகிறவர்கள் அந்த மீதியிலிருந்தும், பதிந்தும் தாள் வாங்காதவர்களிலிருந்தும் வருகிறார்கள்.

இனி சட்டம் சொல்லும் வரிசை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 94. பார்த்தாலே குழந்தை என்று தெரிந்தால் அதோடு சரி, மேலே போகலாம். சந்தேகம் வந்தால் முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று, அல்லது தேர்வு வாரியம் தரும் பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லாதபோது மாநகராட்சியோ நகராட்சியோ பஞ்சாயத்தோ தந்த பிறப்புச் சான்று. அதுவும் இல்லாதபோது மட்டும் எலும்புப் பரிசோதனை. கவனித்தீர்களா? பிறப்பைப் பதிவு செய்யும் அலுவலகத்தின் தாளை விடப் பள்ளிக்கூடத்தின் தாள் மேலே நிற்கிறது.

இந்த இடத்தில் இன்னொரு சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. அருமையான பிரிவு. அது இல்லாவிட்டால் எங்கள் பேட்டையில் எத்தனையோ பிள்ளைகள் வாசலிலேயே நின்றிருக்கும். ஆனால் சான்று இல்லாமல் சேர்க்கும்போதும் பதிவேட்டில் பிறந்த தேதிக் கட்டத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும். அம்மா ஏதோ சொல்வாள். கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கான வயதை ஜூன் 1-ஐ வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். பிள்ளைக்கு அன்றைக்கு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றால், ஜூன் 1-லேயே பிறந்ததாக எழுதிவிட்டால் யாருக்கும் வம்பில்லை. அந்தக் காலத்தில் தலைக்கு மேலே கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொட்டுக்காட்டச் சொல்வார்கள்; தொட்டுவிட்டால் வயது வந்துவிட்டது. இப்போது காது போய் ஜூன் 1 வந்திருக்கிறது. அப்படி ஒரு காலை நேர அவசரத்தில் ஊகித்து எழுதிய தேதி, பத்து வருடம் கழித்துப் பிரிவு 94-ன் முதல் சான்றாக நீதிமன்றத்தில் வந்து உட்காருகிறது.

சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்வது சுலபம். பிறப்பே பதிவாகாத கிராமங்கள் நிறைந்த நாட்டில், பிள்ளைகளில் பெரும்பாலோர் எப்படியும் ஒரு தடவையாவது கடந்து போகும் அரசு வாசல் பள்ளிக்கூடம்தான். அதை நம்பியதில் நியாயம் உண்டு. தேதி எங்கிருந்து வந்தது என்று திருப்பிப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் வளரவில்லை.

நான் கற்றுக்கொண்ட தொழில் இதுதான்: தாளில் உள்ள தேதியைப் பார்ப்பதற்கு முன்னால், அதை எழுதிய கைக்கு அன்றைக்கு என்ன தேவை இருந்தது என்று பார். பள்ளிச் சேர்க்கைக்காகச் சொன்ன வயது, வேலைக்காகக் கூட்டிய வயது, கல்யாணத்துக்காகக் கூட்டிய வயது, வழக்குக்காகக் குறைத்த வயது என்று தேவையோடு பிறந்த தேதிகள் நிறைய. தேவையே இல்லாமல், பிற்பாடு ஒரு தகராறு வரும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் எழுதப்பட்ட தாள்தான் எனக்கு வேண்டும். தடுப்பூசி அட்டை. கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் தாயி கார்டு. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு. அங்கன்வாடியில் எடை போட்ட நோட்டு. கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு. பாதிரியார்களின் பதிவேடு போல ஒழுங்கான பதிவேடு அரசாங்கத்திலும் கிடையாது என்பது என் அபிப்பிராயம். இவற்றில் பெரும்பாலானவை பிரிவு 94-ன் பட்டியலில் இல்லை. பரவாயில்லை. பட்டியலில் உள்ள தாளைத் தேடிப் போகும் வழியை இவை காட்டும்.

ஜாதகமும் அப்படித்தான். நீதிமன்றத்தில் ஜாதகத்தை நீட்டினால் சிரிப்பார்கள். ஆனால் ‘விக்ருதி வருஷம், ஆடி மாசம், ரோகிணி’ என்று மஞ்சள் தடவிய நோட்டில் எழுதியிருந்தால், அது 2010 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ரோகிணி இருபத்தேழு நாளைக்கு ஒரு தரம்தான் வரும். பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஒரு தேதி நிற்கும். அதிகம் போனால் இரண்டு, மூன்று. அந்தத் தேதிகளை எழுதிக்கொண்டு போய், பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் அந்தப் பக்கங்களை மட்டும் பார்க்கச் சொன்னால் எந்தக் குமாஸ்தாவும் முகம் சுளிக்க மாட்டார். “வருஷம் தெரியாது, ஏதோ மழைக்காலம்” என்று போய் நின்றால்தான் துரத்துவார்கள்.

ஜாதகமும் இல்லாத வீடுகள்தான் அதிகம். அங்கே ஞாபகத்தைத்தான் தோண்ட வேண்டும், அதற்கென்று ஒரு முறை உண்டு. எத்தனை வயது, எந்தத் தேதி என்று கேட்கவே கூடாது. கேட்டால் பள்ளிக்கூடத்தில் சொன்னதை ஒப்பிப்பார்கள். தேதி கேட்காமல், ஊரே நினைவு வைத்திருக்கும் நாட்களை நடுவில் நட்டு, பிள்ளை அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்க வேண்டும். எங்கள் பேட்டைக்கு அப்படி ஒரு நாட்காட்டி என்னிடம் இருக்கிறது. 1991 டிசம்பர், காவிரிக் கலவரம். இது தாய்மார்களின் வயதுக்கு. 2000 ஜூலை 30, ராஜ்குமார் கடத்தல். அதே வருடம் நவம்பர் 15, அவர் திரும்பி வந்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி. 2006 ஏப்ரல் 12, ராஜ்குமார் மறைவு. கடைகள் மூடி, பால் கிடைக்காமல் போனதைத் தாய்மார்கள் மறப்பதில்லை. 2009 ஆகஸ்ட் 9, பதினெட்டு வருடம் மூடியிருந்த வள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் திறந்தது. 2011 அக்டோபர் 20, எங்கள் தலைக்கு மேலே மெட்ரோ ஓட ஆரம்பித்தது. 2016-ல் செப்டம்பர் 12 மறுபடியும் காவிரிக் கலவரம், நவம்பர் 8 நோட்டு செல்லாமல் போனது, டிசம்பர் 5 ஜெயலலிதா மறைவு. 2020 மார்ச்சிலிருந்து ஊரடங்கு.

ஒரு பட்டறையில் வேலை செய்த பையனின் அம்மாவோடு இப்படித்தான் பேச்சு நடந்தது.

“வள்ளுவர் செலை தெறந்தாங்களே, அப்ப இவன் எங்கம்மா இருந்தான்?”

“வயித்துல இருந்தான்க்கா. ஏழு மாசம். கூட்டத்தப் பாக்கலாம்னு நானும் கெளம்பினேன், எங்க அத்த விடல. அதுக்கப்புறம்தான் வளைகாப்பு போட்டு ஊருக்கு அனுப்புனாங்க.”

“மெட்ரோ வந்தப்ப?”

“நல்லா நடப்பான். ரயிலு ரயிலுன்னு மேல பாத்துக்கிட்டே நடந்து சாக்கடையில உழுந்தான்.”

இரண்டு பதிலும் ஒன்றையொன்று தாங்குகின்றன. 2009 கடைசியில் பிறந்த பிள்ளை 2011 அக்டோபரில் இரண்டு வயதை நெருங்கியிருக்கும். பள்ளிப் பதிவேட்டிலோ 2008 ஜூன் 1. ஏறக்குறைய ஒன்றரை வருடம் மூத்தவனாக எழுதியிருந்தது. எப்படி என்று விசாரித்தால், இவளுடைய அக்கா தன் மகனைச் சேர்க்கப் போன அன்றைக்கே இவளும் தன் மகனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இவள் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு பையன்களுக்கும் ஒரே தேதி போட்டு ஒரே வகுப்பில் சேர்த்தாயிற்று.

பட்டறையில் பையனைக் கண்டுபிடித்தது 2023 தொடக்கத்தில். முதலாளி கையில் பள்ளித் தாள் இருந்தது: “பதினாலு முடிஞ்சுடுச்சு மேடம், பாருங்க.” அந்தத் தாளின்படி முடிந்துதான் இருந்தது. நிஜத்தில் பையனுக்குப் பதின்மூன்று. பதினாலுக்குக் கீழே என்றால் வேலைக்கு வைத்ததே குற்றம். மேலே என்றால் அந்த வேலை ஆபத்தான வகையா என்று வாதாட வேண்டியிருக்கும்.

பள்ளிக்குப் போய்ச் சேர்க்கை விண்ணப்பத்தைக் கேட்டேன். சான்றை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் பாதி வேலையோடு திரும்புகிறார்கள். சான்று என்பது பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதியது. பதிவேடு என்பது விண்ணப்பத்திலிருந்து எடுத்து எழுதியது. தேதிக்கு எது ஆதாரம் என்பது விண்ணப்பத்தில்தான் தெரியும். இவன் விண்ணப்பத்தோடு எந்தச் சான்றும் இணைக்கவில்லை, தாய் வாய்மொழி மட்டும். பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் பார்ப்பேன்: முன்னும் பின்னும் உள்ள சேர்க்கை எண்கள் வரிசையாக இருக்கின்றனவா, மை ஒன்றுதானா, அடித்துத் திருத்தியிருக்கிறதா. அந்தப் பக்கத்தில் ஜூன் 1 என்று பிறந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். குழுவின் முன்னால் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தின் நகலே பேசியது.

ஆனாலும் ஒரு தேதி தவறு என்று காட்டினால் மட்டும் போதாது, சரியானது எங்கே என்று கேட்பார்கள். அதற்கு எல்லை தாண்ட வேண்டும். தமிழ்நாட்டில் கிராமத்துப் பிறப்பென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்க வேண்டும். பழைய பதிவேடு இப்போது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிப் பிறப்பென்றால் அந்த ஊராட்சியோ நகராட்சியோ. பிற்பாடு பிறந்த பிள்ளைகளுக்குத் தாயின் ‘பிக்மி’ என்ற கர்ப்பப் பதிவு எண் கிடைத்துவிட்டால் பாதி தூரம் குறையும். 1969 சட்டத்தின் பிரிவு 17-ன்படி யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடிப்பார்த்து நகல் கேட்கலாம் என்பதை நான் ஒரு தாளில் எழுதியே வைத்திருக்கிறேன். வாயால் சொல்வதை விட நீட்டினால் வேகமாக வேலை நடக்கிறது.

பெயரில் தேடக் கூடாது. பெயர்க் கட்டம்தான் காலியாயிற்றே. தாயின் பெயரில், அதுவும் அவளுடைய அப்பாவின் இனிஷியலோடு ஒரு தடவை, கணவனின் இனிஷியலோடு ஒரு தடவை தேட வேண்டும். கிடைத்துவிட்டால் பெயரைச் சேர்ப்பது சின்ன வேலை: பதிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமில்லை, பதினைந்து வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அந்தப் பையனுக்கு அப்படித்தான் கிடைத்தது. 2009 நவம்பர், அரசு ஆஸ்பத்திரி, ஆண் குழந்தை, பெயரில்லை. சான்றை வாங்கி, எஸ்எஸ்எல்சிக்குப் பட்டியல் போவதற்கு முன்பே பள்ளிப் பதிவேட்டையும் துறை வழியாகத் திருத்தினோம். பட்டியல் போய்விட்டால் அப்புறம் வக்கீல், கோர்ட்டு, வருடங்கள்.

கிடைக்காவிட்டால்தான் பாடு. பதிவில் இல்லை என்று அவர்களே ஒரு சான்று தர வேண்டும். இல்லாததற்குச் சான்று வாங்குவது இருப்பதற்கு வாங்குவதை விடக் கடினம் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்துத் தாமதப் பதிவுக்கு மனு. பிறந்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் பக்கம் போய்விட்டது. எங்கே பிறந்ததோ அங்கேதான் மனு. தினக்கூலி வாங்கும் அம்மாவுக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வரும் அழைப்புகள் வேறு ரகம். அங்கே நேரம் கிடையாது. குழந்தையை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் குழந்தை என்று தெரிந்தால்தானே? தாளில் ‘வயது சுமார் 19’ என்று ஏறிவிட்டால் பையன் வேறு கட்டடத்துக்குப் போய்விடுவான். மூட்டை தூக்கிய தோளும் அரும்பு மீசையும் இருந்தால் பதினாறு வயதுக்காரன் இருபதாகத் தெரிவான். ஸ்டேஷனிலிருந்து அம்மா அழுதுகொண்டு போன் செய்தால், என்ன கேஸ் என்று நான் முதலில் கேட்பதில்லை. “எந்த ஸ்கூல்ல படிச்சான்? மணி என்ன இப்போ? ஸ்கூல் தெறந்திருக்குமா?” இதுதான் என் முதல் மூன்று கேள்வி.

‘சுமார்’ என்ற அந்தச் சொல்லை நேரத்தில் பிடிக்காவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2023 மார்ச் தீர்ப்பு ஒன்று போதும். 1994-ல் புனேயில் நடந்த கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று, 28 வருடத்துக்கும் மேலாக உள்ளே இருந்த ஒருவரை நீதிமன்றம் விடுதலை செய்தது. குற்றம் நடந்தபோது அவருக்குப் பன்னிரண்டரை வயது. ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளிப் பதிவேட்டில், கொஞ்சம் மாறிய பெயரில், அந்தத் தேதி அத்தனை வருடமும் இருந்தது. சிறார் என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட, எழுப்பலாம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 9 சொல்வதால்தான் அவர் வெளியே வந்தார். அவர் பெயரை நான் எழுதவில்லை. தீர்ப்பில் இருக்கிறது; ஆனால் குழந்தையாக இருந்தபோது சிக்கியவர்களின் அடையாளத்தை வெளியிடாதே என்று பிரிவு 74 சொல்கிறது, அதை அனுசரித்துப் பழகிய கை இது. இந்தக் கட்டுரையில் வரும் பிள்ளைகளின் விவரங்களையும் அதனால்தான் மாற்றியிருக்கிறேன்.

எலும்புப் பரிசோதனையைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு என்று எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முனைகள் எந்த அளவு கூடியிருக்கின்றன என்று பார்த்துச் சொல்வார்கள். உத்தரவிட்டால் பதினைந்து நாளில் முடிக்க வேண்டும். முடிவு ஒரு வீச்சாகத்தான் வரும். 1982-லேயே உச்ச நீதிமன்றம், எக்ஸ்ரே வயதில் முன்னும் பின்னும் இரண்டு வருடம் பிசகலாம் என்று சொல்லிவிட்டது. எட்டு வயதா பதினெட்டா என்றால் எலும்பு சொல்லும். நம்மிடம் வரும் கேள்வி பதினேழா பதினெட்டா என்பது; அந்தக் கேள்வியை முழுசாக விழுங்குவதற்கு இரண்டு வருடப் பிசகு தாராளம். அதோடு, ஏற்கெனவே ஒரு கொடுமையைப் பட்டு வந்த பெண்பிள்ளையை மறுபடியும் ஒரு மேசையில் படுக்கவைத்துப் பார்க்கிற காரியம் அது. பிறந்தபோது ஒரு வரி எழுதத் தவறியவர்கள் பெரியவர்கள்; அதற்கு உடம்பைக் காட்டிப் பதில் சொல்வது பிள்ளையா? ஆகவே, பட்டியலின் முதல் இரண்டு தாள்களும் இல்லை என்று ஆகும் வரை எக்ஸ்ரேக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று பெற்றோர்களிடம் பிடிவாதமாகச் சொல்வேன்.

இந்தத் தாள்கள் எப்போதும் நாம் விரும்பும் பக்கம் பேசும் என்று நினைக்க வேண்டாம். வீட்டை விட்டு ஒரு பெண் காதலனோடு போய்விட்டால், பெண் வீட்டார் அவளைப் பதினேழு ஆக்கப் பார்ப்பார்கள், பையன் வீட்டார் பத்தொன்பது ஆக்கப் பார்ப்பார்கள். பெங்களூரிலிருந்து இயங்கும் எந்ஃபோல்டு அமைப்பு மூன்று மாநிலங்களின் போக்சோ தீர்ப்புகளை எடுத்துப் படித்ததில், ஏறக்குறைய நாலில் ஒன்று இப்படிக் காதலில் தொடங்கிய வழக்கு. அந்த மாநிலங்களில் கர்நாடகமும் தமிழ்நாடும் இல்லை. இருந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவரை விடுவித்தது. வழக்குத் தரப்பு வைத்திருந்தது பள்ளி மாற்றுச் சான்றிதழ். டி.சி.யும் சேர்க்கைப் பதிவேட்டுக் குறிப்பும் பிரிவு 94 கேட்கும் பிறந்த தேதிச் சான்று ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. மருத்துவரின் எக்ஸ்ரே அறிக்கையோ பெண்ணுக்கு 18-க்கு மேல் என்றது. அந்தத் தீர்ப்பு சரியா என்று வக்கீல்கள் பேசட்டும். எனக்கு அது சொன்னது ஒன்றே ஒன்று: டி.சி.யை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதே.

ஆதாரை நீட்டுகிறவர்கள் இன்னும் குறையவில்லை. அதில் ஜனவரி 1 என்று இருந்தால், வயதைச் சொல்ல, வருடத்தை மெஷின் போட்டது என்று அர்த்தம் கொள்வேன். ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று இல்லை என்று அதை வழங்கும் ஆணையமே சொல்லியிருக்கிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் ஆதாரைத் தள்ளிவிட்டுப் பள்ளிச் சான்றை எடுத்துக்கொண்டது.

ஒரு தகப்பன் என்னிடம் வந்தார். மகள் போய்விட்டாள், பதினேழுதான், எழுதிக்கொடுங்கள் என்றார். தேடினேன். ஆஸ்பத்திரிப் பதிவேடும் பிறப்புச் சான்றும் ஒரே தேதியைச் சொல்லின. அவள் வீட்டை விட்டுப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே பதினெட்டு முடிந்திருந்தது. “அந்தப் பேப்பர நீங்களே வெச்சுக்கோங்க மேடம், யார்கிட்டயும் குடுக்காதீங்க” என்றார். குழுவுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் சில வீடுகளில் எனக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. இதைச் சொல்வது என்னைப் பெருமைப்படுத்திக்கொள்ள இல்லை. ஒரு தடவை ஒரு தாளை ஒளித்துவைத்தால், அடுத்த தடவை நான் கொண்டுபோகும் தாளைக் குழு ஏன் நம்ப வேண்டும்? பட்டறைப் பையனின் தாள் நின்றதற்கும் இந்தப் பெண்ணின் தாளைக் கொடுத்ததற்கும் சம்பந்தம் உண்டு. அதனால்தான் பிள்ளைக்கு என்ன வயது வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே தேடத் தொடங்கிவிடுவேன். வீட்டார் கதை சொல்ல ஆரம்பித்தால், கதை அப்புறம், ஆஸ்பத்திரி எது என்று வெட்டிவிடுவேன். முரட்டுத்தனமாகத் தெரியும்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அந்த வருடம் அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பல காரியங்களுக்கும் பிறப்புச் சான்றுதான் தேதிக்கு ஆதாரம். அப்படியென்றால் அவர்கள் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது ஜூன் 1-ல் பிறந்தவர்கள் குறைய வேண்டும். சான்று இல்லாத பிள்ளையை வாசலில் நிறுத்தினால் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு குறுக்கே வரும்; இந்த இரண்டையும் எப்படிப் பொருத்தப் போகிறார்கள் என்பது இன்னும் பள்ளிகளுக்கே புரியவில்லை. பிரிவு 94-ன் வரிசையும் மாறவில்லை. இப்போதும் முதலில் பள்ளியைத்தான் கேட்கிறது. அந்த அக்டோபருக்கு முந்தைய நாள் பிறந்த கடைசிப் பிள்ளைக்கு 2041 செப்டம்பரில்தான் பதினெட்டு நிறையும். அதுவரை பழைய கணக்கும் ஓடும்.

பெங்களூரு மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்தது, எந்தப் பதிவேடு எந்தக் கட்டடத்தில் என்பதை மறுபடியும் கற்றுக்கொண்டிருக்கிறேன். இப்போது நேரம் கிடைக்கும்போது அங்கன்வாடிகளுக்குப் போகிறேன். பிள்ளைகள் உப்புமா சாப்பிடும் நேரத்தில் தாய்மார்கள் வந்து நிற்பார்கள். பிறப்புச் சான்று இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை. எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “நாளைக்கு எடுத்துட்டு வாம்மா, பாக்கணும்” என்கிறேன். கொண்டு வந்தால் பெயர்க் கட்டத்தை முதலில் பார்க்கிறேன்.